நங்கை வீட்டு ஜன்னல் திரை வளர்கிறது

மண்ணரை, திருப்பூர்.
ஆவணி மாதம், புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய வள்ளிநாயகி நங்கை அவர்களுக்கு, உங்கள் தம்பி பொண்டாட்டி சித்ராதேவி பணிவோடு எழுதிக்கொள்வது.

சென்னிமலை முருகன் புண்ணியத்தில் இங்கே நான், உங்கள் தம்பி, குழந்தை கனிஷ்கா, மாமா, அத்தை எல்லோரும் சுகம். பவானியில் நீங்களும் உங்கள் வீட்டுக்கார அண்ணனும் மாமியாரும் நாத்தனாரும் புது வீடும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதே மூச்சில் இன்னொரு சுகமும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுப் புகுவிழாவுக்கு நான் தைத்துக் கொடுத்த ஹால் ஜன்னல் திரைகள் ஆறும் எப்படி இருக்கின்றன? தொங்கவிட்ட அன்றைக்கு ஜன்னல் சட்டத்துக்குக் கீழே சரியாக நாலு விரற்கடை இறங்கியிருந்தன. இன்றைக்கு எதுவரை வந்திருக்கின்றன? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். போகும்போது பதறாமல் போங்கள், உங்கள் மாமியார் கவனிப்பார்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் உங்கள் வீட்டுப் போன் ஹாலில், உங்கள் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடித்தால் அவர்தான் எடுக்கிறார். யார், என்ன, குழந்தை சாப்பிட்டதா, சாப்பிடவில்லை என்றால் ஏன் சாப்பிடவில்லை என்று எல்லாம் கேட்டு முடித்துத்தான் உங்களைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு நகர்கிறாரா என்றால் அதுவும் இல்லை. அவர் நின்றுகொண்டிருக்கும்போது திரை வளர்கிறதா என்று நான் எப்படிக் கேட்பேன்? அதனால்தான் கனிஷ்காவைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நாளைக் காலை கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். படித்ததும் கிழித்துப்போடுங்கள். பெரிய துண்டாகக் கிழிக்க வேண்டாம், அவர் ஒட்டிப் படிப்பார்.

உங்களுக்குத் தெரியாததில்லை நங்கை, நான் எதையும் ஆரம்பிப்பேன், முடிக்கமாட்டேன் என்று இந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. டைப்ரைட்டிங்கில் லோயரோடு நின்றேன். ஒயர் கூடை பின்னினேன், கைப்பிடி வரவில்லை, அதில் இப்போது அத்தை வெங்காயம் போட்டு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறார். கனிஷ்கா வயிற்றில் இருக்கும்போது ஆரம்பித்த கம்பளிக் குல்லாய் அவளுக்கு இரண்டரை வயதாகியும் காது வரைதான் வந்திருக்கிறது. பி.எஸ்ஸி. கணிதம் ஒன்றைத்தான் முடித்தேன், அதுவும் பரீட்சைத் தேதியை அவர்களே வைத்துவிட்டதால். இந்த நிலைமையில், ஒரு மாதப் பத்திரிகையில் "பரிசளிக்கவும் வீட்டை அலங்கரிக்கவும் எளிய தையல்" என்று ஒரு பக்கம் பார்த்தேன். ஜன்னல் திரை, தலையணை உறை, டெலிபோனுக்குக் குட்டைப் பாவாடை எல்லாம் படத்தோடு போட்டிருந்தார்கள். "புதிதாகத் தைப்பவர்களும் ஒரே மதியத்தில் முடிக்கலாம்" என்று எழுதியிருந்தது. முடிக்கலாம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நங்கையின் புது வீட்டுக்கு நானே திரை தைக்கிறேன் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டேன்.

உங்கள் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஆறா? நீ ஒண்ணு தெச்சு முடிச்சயின்னா அக்காகிட்டச் சொல்லி மிச்ச அஞ்சு ஜன்னலை அடைச்சுறச் சொல்றேன்" என்றார்.

அத்தைதான், "சும்மா இருடா சிவா, புள்ள ஆசைப்படுது. நீ தெய்யி கண்ணு, நான் கூட இருக்கறன்" என்றார். அத்தை பத்தொன்பது வருஷமாக கம்பெனியில் டெய்லர். அவரே கூட இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் துணி. பத்திரிகையில் பத்து மீட்டர் என்று போட்டிருந்தது. பிட் துணிக் கடைக்குப் போய்ப் பத்து மீட்டர் மெரூன் கலர் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "மீட்டரா? ஏனுங்க, வெளியூருங்களா? இங்க எல்லாமே கிலோதானுங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கணக்குப் படித்தவள். அகலம் ஒன்றரை மீட்டர், ஒரு சதுர மீட்டர் எடை நூற்றி எண்பது கிராம், அப்படியானால் பத்து மீட்டருக்கு இரண்டு கிலோ எழுநூறு கிராம் என்று கடை அட்டைப்பெட்டியின் மேலேயே பேனாவால் போட்டுக் காட்டினேன். கடைக்காரர் கூட்டத்தை விலக்கி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்குங்கப்பா, படிச்சவிய படிச்சவியதான்." அந்தச் சந்தோஷத்தில் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. "இது ஜன்னலில் நன்றாகத் தொங்குமா" என்று மட்டும் கேட்டேன். "தொங்கறதுல இதை மிஞ்ச ஒண்ணு இல்லீங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை நங்கை. கணக்கும் தப்பில்லை. துணிதான் பனியன் துணி.

இதை உங்கள் கண்ணில் படும்படி ஒரே வரியில் எழுதிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். பத்திரிகைக்காரர்கள் பனியன் துணியில் தைக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. உலகத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். இந்த ஊரில் துணி என்றால் வேறென்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் கைப்பிடித் துணி, மேசை துடைக்கிற துணி, கனிஷ்காவின் தொட்டில், மாமாவின் தலைத்துண்டு எல்லாம் பனியன் துணி. ஜன்னல் மட்டும் என்ன பாவம் செய்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

துணியை விரித்து வெட்டினேன். வெட்டிய ஓரம் வெயிலில் காயப்போட்ட வெற்றிலை மாதிரி சுருண்டுகொண்டது. நீவினால் நீள்கிறது, விட்டால் சுருள்கிறது. மேல் பக்கம் கம்பி நுழைய மடித்துத் தைக்க வேண்டும். அத்தை, கொஞ்சம் தைத்துக் கொடுங்கள் என்றேன். அத்தை மிஷினில் உட்கார்ந்து, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாட்டம் எங்க கண்ணு?" என்றார். இது பாட்டம் இல்லை, டாப் என்றேன். "டாப்பெல்லாம் நமக்குப் பழக்கமில்ல கண்ணு. நான் பாட்டம் மடிக்கற ஆளு" என்றார். பத்தொன்பது வருஷமாக அத்தை டீசர்ட்டின் கீழ் மடிப்பு ஒன்றை மட்டுமே தைத்திருக்கிறார் நங்கை. கை வைப்பவர் வேறு, கழுத்து வைப்பவர் வேறு. ஒரு முழு டீசர்ட் அவர் கையில் ஆரம்பித்து முடிந்ததே இல்லையாம். இந்த வீட்டில் எதையும் முழுதாக முடிக்காதவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் தலைகுனிந்து நடந்திருக்கிறேன். கடைசியில் திரையைத் தலைகீழாகப் பிடித்து, இதுதான் பாட்டம் என்று சொல்லி அவரிடம் கொடுத்தேன். மின்னல் மாதிரி மடித்துத் தள்ளினார். பிறகு மறுபக்கத்தையும் காட்டி அதுவும் பாட்டம் என்றேன். ஆக உங்கள் ஆறு திரைகளுக்கும் இரண்டு பக்கமும் பாட்டம், டாப் கிடையாது.

அதற்குள் மாமா வேலை விட்டு வந்தார். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பழுதுள்ள துணியைப் பிரித்தெடுக்கிற செக்கிங் வேலை என்றால் வீட்டுக்கு வந்தும் கண் செக்கிங்கிலேயே இருக்கும். சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து, தையல் நெளிந்த இடம், நூல் விட்ட இடம், கனிஷ்கா பிஸ்கட் கையை வைத்த இடம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டே போனார். முதல் திரையில் இருபத்தாறு அம்பு. "இது ரிஜக்சன் அம்மிணி" என்று பரிவோடு சொன்னார். அப்போது உங்கள் தம்பியும் அருள்புரத்து எக்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதியே பழகிய ஆள், நேரடியாகப் பார்த்துக் கருத்துச் சொல்ல மாட்டார். ஒரு பேப்பரில் நீளம், அகலம், கூடக்குறைய அரை அங்குலம் என்று கட்டம் போட்டு, கீழே "முதல் சாம்பிள், திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். ஒரே மதியத்தில் முடிக்கிற வேலைக்கு நான் ஒன்பது நாளும் மூன்று சாம்பிளும் எடுத்துக்கொண்டேன். ஆனால் முடித்தேன். கடைசியாகப் பத்திரிகையில் போட்டிருந்தபடி கீழ் ஓரத்தில், "காற்றில் இனிய ஓசை எழ", திரைக்குப் பன்னிரண்டு பித்தளைச் சலங்கை வேறு தைத்தேன். துணிக்கு அடியில் கனம் கட்டினால் என்ன ஆகும் என்று மூன்று வருஷம் இயற்பியல் துணைப்பாடம் படித்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புகுவிழா அன்றைக்கு உங்கள் தம்பி ஸ்டூல் மேல் ஏறி ஆறையும் மாட்டினார். எவ்வளவு அழகாக இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "என்ற தம்பி பொண்டாட்டி அவளே தெச்சது, கடையில வாங்குனதில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எனக்குக் கல்யாணத்தன்று கூட அப்படி மனசு பூரித்ததில்லை. அப்போது உங்கள் மாமியார் வந்தார். ஜமக்காளம் நெய்கிற குடும்பம், துணியைக் கண்ணால் பார்க்க மாட்டார், விரலால் பார்ப்பார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வைத்து ஒரு இழு இழுத்தார். அது அவரோடு கொஞ்ச தூரம் வந்தது.

"பனியன் துணியாட்ட இருக்குதே அம்மிணி?"

"இல்லீங்க பெரியம்மா, இது புது டிசைனுங்க" என்றேன்.

நீங்கள் உடனே, "அவ படிச்சவங்க அத்தை, அவளுக்குத் தெரியாதுங்களா" என்று எனக்காகப் பேசினீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் நங்கை, இந்த ஐந்து நாளாக என்னை இஞ்ச் டேப்பும் கையுமாக நிற்கவைத்திருக்கிறது.

ஏனென்றால் மிச்சத் துணியில் ஏழாவதாக ஒன்று தைத்து, அதே வெள்ளிக்கிழமை எங்கள் ஹாலிலும் மாட்டியிருந்தேன். அன்றைக்கு நாற்பத்தெட்டு அங்குலம். சனிக்கிழமை ஐம்பது. பார்வைக் கோளாறு என்று நினைத்தேன். ஞாயிறு ஐம்பத்திரண்டரை. திங்கட்கிழமை மாமா சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில்தான் கனிஷ்காவின் உயரத்துக்கும் கோடு இருக்கிறது. அவள் நாலு மாதத்தில் ஒரு அங்குலம் கூட வளரவில்லை என்று டாக்டரிடம் அழைத்துப் போகலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, இது ஐந்தே நாளில் பதினாலு அங்குலம் வளர்ந்து இன்றைக்கு அறுபத்திரண்டில் நிற்கிறது. அத்தை காலையில் எழுந்ததும் அடுப்பைக் கூடப் பார்க்காமல் திரையைத்தான் பார்க்கிறார். "இன்னிக்கு எவ்வளவுங்க?" என்று எதிர்வீட்டிலிருந்து கேட்கிறார்கள். நீளம் கூடக் கூட அகலம் குறைகிறது. ஜன்னலின் இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்துகொண்டு, நடுவில் திரை நாமம் போட்டதுபோல் நிற்கிறது.

நான் கிராஃப் போட்டுப் பார்த்தேன். வேகமும் நாளுக்கு நாள் கூடுகிறது, இப்படியே கூடிக்கொண்டு போனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுபத்தேழு அங்குலம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் நாத்தனாரைப் பெண் பார்க்கக் கோபியிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது ஆறு திரைகளும் தரைக்கு ஒரு சாண் மேலே சலங்கையோடு ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் மாமியார் அவர்கள் முன்னாலேயே உங்களைத் திரும்பிப் பார்ப்பார். என்னை நம்பிப் பேசியதுதான் நீங்கள் செய்த ஒரே தப்பு.

ஆகவே நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள். சனிக்கிழமை மத்தியானம் உங்கள் மாமியார் தூங்கியதும் ஆறையும் கழற்றுங்கள். சலங்கை சத்தம் போடும், ஒரு துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். நாற்பத்தெட்டு அங்குலத்துக்கு அளந்து, மடிப்புக்கு ஒரு அங்குலம் விட்டு, மிச்சத்தைத் தயங்காமல் வெட்டுங்கள். ஈவு இரக்கம் பார்க்க வேண்டாம். நான் இன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் திரையில் மடிப்புக்கு ஒன்று விட்டுப் பதிமூன்று அங்குலம் வெட்டி, அத்தை மடித்துக் கொடுத்து மாட்டிவிட்டோம், சரியாக இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: என்ன ஆனாலும் தண்ணீர் மட்டும் படக்கூடாது. அழுத்தமான மெரூன், நனைத்தால் சாயம் ஓடிவிடும் என்று பயப்படுகிறேன். வெட்டுங்கள், நனைக்காதீர்கள். இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் மாமியாருக்கும் வணக்கம், ஆனால் நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். கல்யாணம் நல்லபடியாகக் கூடிவர சென்னிமலையானுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். கனிஷ்கா தன் அத்தைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், அவள் தூங்குவதால் அவள் சார்பில் நானே சொல்கிறேன்.

இப்படிக்கு, உங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்
சித்ராதேவி

பின்குறிப்பு: வியாழன் காலை. வெட்டாதீர்கள். நங்கை, தயவுசெய்து வெட்டாதீர்கள். நனையுங்கள்.

கீழ் வீட்டில் குடியிருக்கும் சுடலை அண்ணன், திருநெல்வேலிப் பக்கம், துணியை நீராவியில் அமுக்கிச் சரிப்படுத்துகிற மில்லில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னக்கா, அமுக்காத துணியத் தூக்கித் தொங்கவிட்டிருக்கிய? இது எங்க மிஷினுக்குள்ள போகவே இல்லையே. தொங்கவிட்டா நீளத்தான் செய்யும். தண்ணியில ஒரு முக்கு முக்குனா பழைய அளவுக்குச் சுருங்கிரும்லா" என்றார். சாயம் போகாதா என்று கேட்டேன். "தண்ணிக்கு ஓடுற சாயத்தையா இந்த ஊருல போட்டு அனுப்புதாவ?" என்று கோபித்துக்கொண்டார். அப்புறம், "வெட்டிறலயே?" என்றார். வெட்டியாச்சு என்றேன். "அப்பம் நனைச்சிராதிய" என்றார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தம்பி அந்தத் திரையைப் பக்கெட்டில் போட்டுவிட்டார். கணக்குப்படி முப்பத்தேழு அங்குலம் வரவேண்டும், வந்தது முப்பத்திநாலு. இப்போது எங்கள் ஜன்னலுக்குப் பாதி மானம்தான்.

உங்களுடையதை இன்னும் யாரும் வெட்டவில்லை, அதனால் தப்பித்தோம். ஆறையும் நனைத்து, பிழியாமல், கொடியில் போடாமல், மொட்டை மாடியில் பாய் மாதிரி விரித்துக் காயவைக்க வேண்டுமாம். கொடியில் போட்டால் அங்கேயே மறுபடி வளரும். ஞாயிறு காலையில் மாட்டினால் மாப்பிள்ளை வீட்டார் போகும்வரை ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்காது என்று சுடலை அண்ணன் உறுதி கொடுத்திருக்கிறார். ஆனால் ஆறு மெரூன் திரைகளை மொட்டை மாடியில் உங்கள் மாமியாருக்குத் தெரியாமல் விரிக்க முடியாது. அதனால் கூரியரில் போடவில்லை. நானே பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். கனிஷ்கா மடியில், அதனால்தான் எழுத்து இப்படி ஆடுகிறது. ஊத்துக்குளி தாண்டும் வரை ஒன்றும் தோன்றவில்லை. தாண்டியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். கதவை நீங்கள் திறந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு. உங்கள் மாமியார் திறந்தால் அவருக்கு. மேலே அவரைப் பற்றி எழுதிய நாலைந்து இடங்களை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், பஸ் குலுங்கியதில் வேறு வரிகள்தான் அடிபட்டன, விட்டுவிட்டேன்.

பெரியம்மாவுக்கு: வணக்கமுங்க. நங்கைக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சொன்னதை நம்பிப் பேசினாங்க. அது பனியன் துணிதானுங்க. தொட்டுப் பார்த்ததும் கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தானுங்க. மற்றதை உள்ளே வந்து சொல்கிறேன், முதலில் பெரிய பக்கெட் எங்கே இருக்குதுங்க?